சாந்தாமணியின் பூஜ்ஜியம்

கனகவல்லிக்கு மூன்று தடவையும் நாலுதான் வந்திருந்தது. நாலாவது தடவையும் ஆறுக்குக் கீழே வந்தால் அவள் கோப்பை மூடிவிடுவார்கள். அப்புறம் ஒரு வருடத்துக்கு அவள் கையில் பட்டை கட்டக்கூடாது என்பது விதி. அந்த நாலாவது தடவை ஒரு புதன்கிழமை காலையில் வந்தது.

திருப்பூரின் செங்காட்டு நகரில் பனியன் கம்பெனிகளையும் அவற்றில் வேலை பார்ப்பவர்களின் லைன் வீடுகளையும் தவிர வேறு அதிகம் இல்லை. அங்கிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பதினோரு மாதங்களுக்கு முன்பு ஒரு கருவி வந்தது. அரசாணையில் அதன் பெயர் ‘இணையுணர் வலி அளவி’. அரசாணைக்கு வெளியே அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. வெள்ளைத் துணியில் இரண்டு பட்டைகள், நடுவில் ஒரு ஒயர், மேசைமேல் ஒரு திரை. ஒரு பட்டையை நோயாளியின் முழங்கைக்கு மேலே கட்டுவார்கள். மற்றதை வலி பார்ப்பவர் கட்டிக்கொள்வார். நோயாளியின் நரம்பில் ஓடுகிற வலி முப்பது வினாடிகளுக்கு மற்றவர் உடம்பிலும் ஓடும். முடிந்ததும் திரையில் பத்துக்கு இத்தனை என்று எண் வரும். ஜனங்கள் அதற்குச் சோடிப்பட்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நடுவில் ஓர் ஆள் எதற்கு என்று தொடக்கத்தில் பலரும் கேட்டார்கள். நரம்பில் என்ன ஓடுகிறது என்று கருவிக்குத் தெரியும். அது வலிக்கிறதா என்று தெரியாது. அதைச் சொல்ல இன்னொரு உடம்பு தேவைப்பட்டது. செங்காட்டு நகரில் அந்த உடம்பு சாந்தாமணியுடையது.

சாந்தாமணிக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருடம் செக்கிங் பிரிவில் நின்றுகொண்டே பனியன்களைப் புரட்டிப் புரட்டி ஓட்டை தேடியவள். குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்களுக்கு முன்னுரிமை, பொறுமை அவசியம், உடல் வலி எதுவும் இருக்கக்கூடாது என்று விளம்பரம் வந்தபோது விண்ணப்பித்தாள். தினமும் காலை எட்டு மணிக்குப் பட்டையைக் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் அசையாமல் உட்காருவாள். ‘உங்களுக்கு இப்போது வலி ஏதேனும் உள்ளதா?’ என்று திரை கேட்கும். ‘இல்லை’ என்பதை அழுத்துவாள். அந்த நேரத்து அவள் உடம்பைக் கருவி அன்றைய பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும். அதன்பிறகு ஒரு நாளைக்கு முப்பது பேரின் முதுகும் முழங்காலும் தோளும் அவள் வழியாகப் போய்வரும்.

எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன: உடல், மனம். ஆறும் அதற்கு மேலும் வந்தால் உடல். பதினைந்து நாள் சம்பளத்தோடு ஓய்வு, ஸ்கேன், பிசியோதெரபி எல்லாம் உண்டு. ஆறுக்குக் கீழே வந்தும் வலிக்கிறது என்று சொல்கிறவர்கள் மனம். அவர்களுக்கு ஒரு களிம்பு டப்பாவும், வியாழக்கிழமைகளில் வருகிற மனநல ஆலோசகரைப் பார்க்க ஒரு சீட்டும் கிடைக்கும். ஆலோசகர் நல்ல மனிதர். ஆனால் செங்காட்டு நகரில் ‘வியாழக்கிழமை’ ஒரு பட்டப்பெயராகிவிட்டது. கம்பெனியில் யாராவது இரண்டு நிமிடம் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், “என்ன, வியாழக்கிழமையா?” என்று கேட்டார்கள். சீட்டு வாங்கிய நூறு பேரில் பத்துப் பேர்கூட அந்த அறைப் பக்கம் போகவில்லை.

“இன்னைக்காவது ரெண்டு சேத்திப் போடுங்கக்கா” என்று சொல்லிக்கொண்டே கனகவல்லி உட்கார்ந்தாள். “பள்ளிக்கூடத்துல கூட பாசாக ஒண்ணு ரெண்டு கொறஞ்சா வாத்தியாரு போட்டு வுட்டுருவாருங்க.”

“நான் எங்க கண்ணு போடறேன்? அதுவாத்தான் போடுது.”

“அப்ப அதுகிட்டயே பேசிக்கறேன். ஏனுங் மெசினு, நல்லா இருக்கறீங்களா? காப்பி சாப்ட்டீங்களா?”

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கனகவல்லி ஓவர்லாக் டைலர். பிடரியில் ஆரம்பித்து வலது தோள் வழியாக விரல்வரை இறங்குகிற வலி அவளுக்கு. போன வாரம் ஊசி ஆள்காட்டி விரலுக்குள் இறங்கியது. ரத்தத்தைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரிந்தது. இன்னொரு தடவை பீஸ் டேமேஜ் ஆனால் மெஷினிலிருந்து எழுப்பி, பிசிறு வெட்ட உட்காரவைத்துவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். ராத்திரியில் இரண்டு மணி நேரம் தூங்கினால் அதிகம். இது எல்லாவற்றையும் அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். அவளுடைய ஒரே மகள் தனக்குப் பிடித்த பையனோடு ஓசூருக்குப் போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது, போனை எடுப்பதில்லை என்பதை மட்டும் சிரிக்காமல் ஒரு தடவை சொல்லியிருந்தாள்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். வராந்தாவில் குழந்தைகளும் அழுகையும் நிறைந்திருந்தன. கனகவல்லி கையில் பட்டையைக் கட்டிவிட்டு, தன் பட்டையைக் கட்டப்போன நேரத்தில், குழந்தைகளை எடை பார்க்க ஒரு கை வேண்டும் என்று நர்ஸ் கூப்பிட்டாள். “சித்தே இரு, வந்தர்றேன்” என்று சாந்தாமணி எழுந்து போனாள்.

தையல்காரி சும்மா இருக்கவில்லை. தன் கையிலிருந்த பட்டையைக் கழற்றித் திருப்பி, தையலை விரலால் இழுத்துப் பார்த்தாள். பிறகு மேசையில் கிடந்த மற்றதையும் எடுத்துப் பார்த்தாள்.

சாந்தாமணி அவசரமாகத் திரும்பி வந்தாள். “அதை ஏம்மா கழட்டுன?”

“தையலு எப்புடின்னு பாத்தனுங்க. இது ஃபிளாட்லாக்குல அடிச்சது. ஒரு பக்கம் நூலு அந்து கெடக்குது. எங்க கம்பெனியில இப்புடி அடிச்சா செக்கிங்குல நீங்களே தூக்கி வீசிருப்பீங்க.”

“சரி சரி, கட்டு.”

இரண்டு பட்டைகளும் ஒரே வெள்ளை, ஒரே அளவு. ஓரத்தில் இருந்த நீலப் புள்ளியும் பதினோரு மாதத் துவைப்பில் மங்கிப்போயிருந்தது. கையில் வந்ததைக் கனகவல்லி கட்டிக்கொண்டாள். மீதி இருந்ததைச் சாந்தாமணி கட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

வழக்கமாக உடனே தோள் எரியத் தொடங்கும். இன்றைக்கு எதுவும் வரவில்லை. சாந்தாமணி ஒயரைத் தட்டிப் பார்த்தாள்.

“அய்யோ சாமி!” கனகவல்லி எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். “என்னுங்க இது? எனக்கு இடுப்பு வலிச்சதே இல்லீங்களே! இந்தப் பக்கம், எடது பக்கம், கீழ கணுக்கால் வரைக்கும் சுண்டி இழுக்குது. நெஞ்சுல வேற என்னமோ…” அவள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சரியான சொல்லைத் தேடினாள். “ஆரோ வர்றேன்னு சொல்லிப்போட்டு வராமப் போன மாதிரி இருக்குதுங்க.”

சாந்தாமணி தன் கையிலிருந்த பட்டையைப் பிய்த்து எறிந்தாள். முப்பது வினாடி ஆகியிருக்கவில்லை.

கனகவல்லி அவளையே பார்த்தாள். சிரிப்பு போயிருந்தது. “அக்கா, இது உங்களுதுங்களா?”

“ஒயரு லூசா இருக்கும்.”

“ஒயருக்கு எங்கக்கா இடுப்பு இருக்குது?” என்றவள் கதவுப் பக்கம் திரும்பிக் கத்தினாள். “டாக்டரம்மா! சித்தே இங்க வாங்க!”

டாக்டர் நஸ்ரின் வந்தாள். முப்பது வயது, நாகூர்க்காரி. இந்த நிலையத்தில் சேர்ந்து இரண்டு வருடம். கனகவல்லி சொன்னதைக் கேட்டுவிட்டு இரண்டு பட்டைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“மாத்திக் கட்டியிருக்கீங்க. அக்கா, உங்களுக்கு இடுப்பு வலி இருக்கா?”

“எனக்கென்னுங்க மேடம். நான் நல்லாத்தான இருக்கறேன்.”

“பொய்யிங்க டாக்டரம்மா” என்றாள் கனகவல்லி. “நான் இப்பத்தான் பாத்துட்டு வர்றேன்.”

யாரும் சிரிக்கவில்லை. சாந்தாமணி சேலை நுனியை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு சாய ஆலை வேலைக்கென்று குஜராத் போனவன். சண்டை எதுவும் இல்லை. முதல் ஆறு மாதம் பேசினான், அப்புறம் அந்தப் போன் எண்ணே இல்லாமல் போனது. கேட்கிறவர்களிடம் ‘வெளியூர் வேலை’ என்றுதான் சொல்லிவருகிறாள். இடுப்பு அதற்கும் முந்தையது.

“எத்தனை வருஷமாக்கா?” என்றாள் நஸ்ரின்.

“பதினாலு இருக்குமுங்க. அதுக்காக வலின்னு சொல்லுவாங்களா? வேலை செய்யற உடம்பு. இருக்கறதுதான?”

“அப்போ தினமும் காலையில அது கேக்கும்போது…”

“இல்லைன்னு அமுத்துவேனுங்க. படுத்துட்டாத்தான மேடம் வலி? நான் நடந்துதான வர்றேன்?”

நஸ்ரின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். திரையில் மூன்று மெனுக்களுக்கு உள்ளே போய், யாரும் திறந்து பார்க்காத ஒரு பக்கத்தைத் திறந்தாள். அங்கே அன்றைய பூஜ்ஜியத்துக்கு எதிரே 412 என்று இருந்தது. நேற்றையது 409. அதற்கு முந்தைய நாள் 415.

“இது என்னுங்க?”

“உங்க உடம்பு. இந்தக் கருவி நீங்க நிக்கிற இடத்துல இருந்துதான் அளக்குது. மேட்டுல நின்னுக்கிட்டு, பக்கத்துல பள்ளத்துல நிக்கிறவரோட உயரத்தை நம்ம காலடியில இருந்து அளந்தா என்ன வரும்? பாதி ஆள் காணாமப் போயிடுவார். கனகவல்லிக்கு எட்டு வலிக்குதுன்னு வைங்க. உங்களுக்கு ஏற்கனவே நானூத்திப் பன்னெண்டு, அதாவது நாலு இருக்கு. மேலே தெரியுற நாலைத்தான் அது சொல்லும்.”

“எனக்கு எட்டுங்களா?” என்றாள் கனகவல்லி. பரிசு விழுந்த குரல்.

“இன்னும் தெரியாது.”

சாந்தாமணி மெதுவாகக் கேட்டாள். “அப்ப இத்தன நாளா நான் பாத்தவங்க எல்லாரும்?”

அவளே கணக்குப் போட்டாள். பதினோரு மாதம், நாளுக்கு முப்பது பேர். கிட்டத்தட்ட எட்டாயிரம் பேர். வலிக்குதுன்னு சொன்னாங்களே, கண்ணு கலங்கிச் சொன்னாங்களே, நாலுதானே வந்துச்சுன்னு களிம்பு டப்பாவைக் கையில் வைத்து அனுப்பியவர்கள். அவர்களில் சிலரைச் சாந்தாமணி மனசுக்குள் நடிப்பு என்றுகூட நினைத்திருக்கிறாள்.

“ஆமுன்னு அமுத்துனா என்ன ஆகுமுங்க?”

“கருவி திறக்காது. வலி பார்க்கிறவங்களுக்கு வலி இருக்கக்கூடாதுன்னு உங்க வேலை உத்தரவுலயே இருக்குக்கா.” நஸ்ரின் குரலைத் தாழ்த்தினாள். “ஆனா பூஜ்ஜியத்தை மட்டும் வேற ஒருத்தரை வெச்சு எடுத்துக்கலாம்னு நினைக்கிறேன். வலியே இல்லாத ஓர் ஆள் ரெண்டு நிமிஷம் உக்காந்தா போதும்.”

வலியே இல்லாத ஆளைத் தேடுவது அத்தனை கஷ்டமாக இருக்கும் என்று மூவரில் யாரும் நினைக்கவில்லை.

மருந்தாளுநர் தனக்கு ஒன்றுமே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். 380 வந்தது. “மூட்டு சித்தே பிடிக்கும், அதெல்லாம் ஒரு கணக்குங்களா?” என்றார். நர்ஸுக்கு 395. லேப் டெக்னீஷியன் நாளெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் குனிகிறவர். அவருக்கு 430 வந்ததும் அவரே பயந்துபோய் ரத்தக் கொதிப்பு பார்க்கப் போனார். வாட்ச்மேன் கடவாய்ப் பல்லைச் சொல்லாமல் மறைத்தது இரண்டு நிமிடத்தில் தெரிந்துபோனது. கனகவல்லி ஒவ்வொருவரின் எண்ணையும் வராந்தாவுக்குச் சத்தமாக அறிவித்தாள். கடைசியில் நஸ்ரினே கட்டிக்கொண்டாள்.

“முந்நூத்தி இருவது” என்று வாசித்துவிட்டுக் கனகவல்லி அவளைப் பார்த்தாள். “உங்களுக்கு என்னுங்க டாக்டரம்மா, இந்த வயசுல?”

“தலைவலி. மூணு மணிக்கு மேல தினமும் வரும்.”

“மணி பதனொண்ணுதானுங்க ஆகுது.”

நஸ்ரின் பட்டையைக் கழற்றினாள். “சரி, காலையிலயும் வரும்.”

வழி காட்டியது சாந்தாமணிதான். வராந்தா பெஞ்சில் ஒரு பெண் ஒன்பது மாதக் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். ஊசிக்கான டோக்கன் இன்னும் வரவில்லை. குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. பால் குடித்த வயிறு மேலே போய்க் கீழே வந்தது.

“கண்ணு, உன்ற புள்ளைய ரெண்டு நிமிசம் குடுப்பியா? ஊசி இல்ல, ஒண்ணும் பண்ண மாட்டோம்.”

பட்டையை மூன்று சுற்று சுற்ற வேண்டியிருந்தது. வராந்தாவில் இருந்தவர்கள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள். திரையில் 31 வந்தது.

“அடேங்கப்பா” என்றாள் கனகவல்லி. “மனுசன்னா இப்புடியும் இருக்கலாமா?”

அந்தப் பூஜ்ஜியத்தில் கனகவல்லிக்கு எட்டு வந்தது. அவள் இரண்டு கையையும் தூக்கி வரிசையைப் பார்த்துக் கும்பிட்டாள், தேர்தலில் ஜெயித்தவளைப் போல. பிறகு திடீரென்று உட்கார்ந்து அழுதாள். நஸ்ரின் தண்ணீர் கொடுத்தாள்.

“தோளுக்கு எழுதறேன். தூக்கம் வராததுக்கும் பொண்ணு பேசாததுக்கும் நாளைக்கு ஆலோசகரையும் பாருங்க. எந்தக் கட்டத்துல டிக் பண்றது, தோளா, மனசா?”

“ரெண்டும் ஒரே வூட்டுலதானுங்க குடியிருக்குது” என்று மூக்கைத் துடைத்தாள் கனகவல்லி. “ஒண்ணு கதவச் சாத்துனா இன்னொண்ணு ஜன்னலைத் தொறக்குது.”

நஸ்ரின் இரண்டையும் டிக் செய்தாள். கருவி முதல் தடவை ஏற்க மறுத்தது. இரண்டாவது தடவை ஏற்றுக்கொண்டது. மறுநாள் கனகவல்லி தன் எட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னும் நாலு பேரையும் இழுத்துக்கொண்டு, ஆலோசகர் அறைக்குப் போனாள். “எட்டு வாங்குனவங்களுக்குத்தான் உள்ள எடம்” என்று வாசலில் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

புதன்கிழமை ஒரே நாளில் செங்காட்டு நகரில் இருபத்தேழு பேருக்கு ஆறுக்கு மேல் வந்தது. திங்கட்கிழமை காலை மாவட்டத் திட்ட ஒருங்கிணைப்பாளர் இளவழகன் தன் வண்டியில் வந்து இறங்கினார். ஐம்பது வயதுக்காரர், கத்துகிறவர் அல்ல. கோப்பைப் பிரித்து வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

“குழந்தையை வெச்சுப் பூஜ்ஜியம் எடுத்தீங்களா டாக்டர்?”

“வேற ஆள் கிடைக்கல சார்.”

“கைக்குழந்தை நரம்பு வேற, பெரியவங்க நரம்பு வேற. இதை நான் மேல எப்படி எழுதுவேன்? மாவட்டத்துல நாப்பத்திரண்டு நிலையம் இருக்கு. எல்லாத்துலயும் பூஜ்ஜியம் நானூறு பக்கம்தான். உங்களோடது மட்டும் முப்பத்தொண்ணு. அப்ப எது தப்பு?”

நஸ்ரின் விளக்கத் தொடங்கினாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, சாந்தாமணியைப் பார்த்தார்.

“அம்மா, நான் சுலபமா முடிச்சு வைக்கிறேன். உங்க பழைய பூஜ்ஜியத்தையே போட்டுக்கலாம். புதன்கிழமை எடுத்ததெல்லாம் ரத்து. அந்த இருபத்தேழு பேருக்கும் முதல்ல இருந்து பார்த்துக்கலாம். உங்க வேலைக்கு ஒண்ணும் வராது. உங்களுக்கு வலி இல்லைன்னு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க.”

“கனகவல்லிக்குங்க?”

“யாரது?”

“நாலு தடவை ஆச்சுங்க. ரத்து பண்ணிப் பழைய பூஜ்ஜியத்துல பாத்தா அவளுக்கு மறுக்கா நாலுதான் வரும், கோப்பை மூடிருவீங்க. போன வாரந்தான் அந்தப் புள்ளை நாலு மணி நேரம் தூங்குனாளாம்.”

இளவழகன் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். சாந்தாமணி அதை எடுத்துப் பொறுமையாக முழுவதும் படித்தாள். இருபது வருடம் ஓட்டை தேடிய கண். பிறகு பேனாவை மூடினாள்.

“வலிக்குதுங்க சார்” என்றாள். முகம் சிவந்துவிட்டது. ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டவளைப் போல இருந்தாள். “எடது இடுப்பு. பதினாலு வருசம். அப்பறம் நெஞ்சுல ஒண்ணு, அது மூணு வருசம்.”

“இதை நான் எழுதினா வேலை போயிடும்மா.”

“தெரியுமுங்க. என்ற மகளுக்கு இன்னும் ஒரு வருசம் படிப்பு இருக்குது. பாத்துக்கலாம். செக்கிங்குக்கு எப்பவும் ஆள் எடுக்கறாங்க.” சொல்லிவிட்டு, அவளுக்கு வேறு ஒன்று தோன்றியது. “ஏனுங் சார், நாப்பத்திரண்டு நிலையத்துலயும் நானூறுன்னு சொன்னீங்களே. அங்கெல்லாம் வலி பாக்கறது ஆருங்க?”

“உங்களை மாதிரித்தான். அதே விளம்பரத்துல எடுத்தவங்க.”

“அதானுங்க.”

வலி பார்க்கும் பெண்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. பயிற்சியில் தொடங்கியது. காலை வணக்கமும் ரோஜாப்பூவும் கோயில் கும்பாபிஷேக அழைப்பும் தவிர வேறு எதுவும் அதில் வருவதில்லை. சாந்தாமணி அதில் குரல் செய்தி போடப் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

“அல்லாருக்கும் வணக்கமுங்க, செங்காட்டு நகர் சாந்தாமணி பேசறேன். எனக்கு இடுப்பு வலிக்குதுங்க. காலையில இல்லைன்னு அமுத்தறேன், ஆனா வலிக்குதுங்க. உங்களுக்கெல்லாம் எப்படீங்க? நெசத்தைச் சொல்லுங்க, இங்க சார் உக்காந்திருக்கறாரு.”

“என்னை ஏம்மா இழுக்கறீங்க?” என்றார் இளவழகன்.

ஐந்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. நஸ்ரின் டீ சொல்லி அனுப்பினாள். பிறகு போன் ஒரு தடவை மணியடித்தது. அப்புறம் நிறுத்தவே இல்லை. சாந்தாமணி ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள்.

“எனக்குக் கழுத்துங்கக்கா. எங்க வூட்டுக்காரருக்குக் கூடத் தெரியாது.”

“ரெண்டு முட்டியும். போன மாசம் படியில உக்காந்துட்டேன், ஆருகிட்டயும் சொல்லல.”

“எங்கம்மா போனதுல இருந்து வயித்துல ஒரு முடிச்சு. இதுவும் வலின்னு சேருமுங்களா?”

“அக்கா, சார் போயிட்டாருங்களா? போனப்பறம் சொல்றேன்.”

இளவழகன் அதற்கு மட்டும் லேசாகச் சிரித்தார். முப்பத்தொன்பது பேர் பதில் போட்டிருந்தார்கள். யாரும் நன்றாக இருக்கவில்லை. “இது பேச்சு” என்றார் அவர். அவர் குரலில் முன்பிருந்த உறுதி இல்லை. “பேச்சை வெச்சு நான் அறிக்கை எழுத முடியாது. வலியே இல்லாத ஒரு பெரிய ஆள், ஒரே ஒருத்தர், அவங்க எண் எனக்கு வேணும். அதுவும் உங்க குழந்தை மாதிரி வந்தாத்தான் நம்புவேன்.”

அப்போது இன்னொரு குரல் வந்தது. வயது குறைந்த குரல்.

“வணக்கங்க அக்கா. நான் ரேவதி, மேட்டுக்காட்டுப்புதூர் நிலையம். எங்கம்மாதான் அங்க வலி பாக்கறாங்க, அவங்க போன்லதான் பேசறேன். அவங்களுக்குக் கண் ஆப்பரேசன், அதுனால போன வாரம் மூணு நாள் எனக்குத் தற்காலிகமா போட்டாங்க. எனக்கு வலி இல்லீங்க, நெசமாத்தான். காலேஜ்ல கபடி ஆடறேன். ஆனா நான் உக்காந்த மூணு நாளும் வந்தவங்க எல்லாருக்கும் ஏழு, எட்டு, ஒம்பதுன்னே வந்துச்சு. மெசினு ரிப்பேருன்னு சொல்லிக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. இப்ப எனக்கு வேலையும் இல்லீங்க.”

இளவழகன் கண்ணாடியைக் கழற்றினார். திரும்பவும் போட்டுக்கொண்டார்.

“அந்தக் கருவி” என்றார், “என் வண்டியில இருக்கு. கம்பெனிக்குத் திருப்பி அனுப்பக் கொண்டு போறேன்.”

அவரே போய் எடுத்துவந்தார். நஸ்ரின் அதைச் சொருகி, மூன்று மெனுக்களுக்கு உள்ளே போனாள். ரேவதியின் மூன்று நாள் பூஜ்ஜியங்கள் அப்படியே இருந்தன: 34, 33, 34.

இளவழகன் அந்த எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்து, சாந்தாமணியிடம் நீட்டியிருந்த காகிதத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இந்தப் பூஜ்ஜியத்தைக் கொண்டு பழைய அளவுகளைத் திருத்த முடியுமா என்று கேட்டார். கழித்ததைக் கூட்டினால் போதும் என்றாள் நஸ்ரின். வலி பார்க்கிறவர்களுக்கு வலி இருக்கக்கூடாது என்ற விதி பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த விதிப்படி நடந்தால் மாவட்டத்தில் ஒரு கபடி ஆட்டக்காரிதான் மிஞ்சுவாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பூஜ்ஜியத்தை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம், பார்ப்பதற்குப் பழையவர்களே இருக்கட்டும் என்று எழுதப்போவதாக மட்டும் சொன்னார்.

“ரேவதிக்கு வேலை போட்டுக் குடுங்க சார்” என்றாள் சாந்தாமணி. “ஆனா நாளெல்லாம் பட்டை கட்ட வெச்சறாதீங்க. அப்பறம் அவளும் எங்கள மாதிரி ஆயிருவா.”

மத்தியானத்துக்குள் திருத்திய பட்டியல் வந்தது. எட்டாயிரத்துக்கு மேல் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராகப் பழைய எண், பக்கத்தில் புது எண். முதல் பக்கத்தில் இருந்தவர்கள் கருவி வந்த முதல் வாரத்தில் வந்தவர்கள். சாந்தாமணி இடது காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, நஸ்ரின் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு, முதல் எண்ணுக்குப் போன் போட்டாள். அயர்ன் மாஸ்டர் ஆறுச்சாமி, அடிமுதுகு, மூன்று.

“ஹலோ, ஆறுச்சாமியண்ணனுங்களா? செங்காட்டு நகர் ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன். போன வருசம் உங்க முதுகு பாத்துட்டு மூணுன்னு சொல்லி அனுப்பிச்சோமில்லீங்க? அது தப்பாப் போச்சுங்கண்ணா. ஏழுங்க.”

அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டியின் ஆவிச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அது நின்றது.

“எனக்கு அப்பவே தெரியுமுங்க அம்மிணி” என்றார் ஆறுச்சாமி.